கொடுவாவுக்குக் கேட்கும் சத்தம்

டார்வின்
ஆஸ்திரேலியா
9 ஜனவரி 2024

என் அன்புத் தங்கை நூருன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம். மழை கொட்டித் தீர்க்கிறது. அஜீஸ் மச்சானின் முதுகுவலி எப்படி இருக்கிறது? மருமகள் ஆஸ்மா பாலிடெக்னிக்கில் ஒழுங்காகப் படிக்கிறாளா?

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். உறைக்குள் இருப்பதைப் போனில் அனுப்ப முடியாது. அதோடு, போனில் பேசினால் பேச்சு முடிவதற்குள் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது.

உள்ளே இருப்பவை தூண்டில் முள்ளில் வெள்ளை இறகும் சிவப்பு நூலும் வைத்து நானே கட்டிய பொய்யிரைகள். இங்கே 'ஃப்ளை' என்பார்கள். இதற்கு எடையே கிடையாது. கனமான நூலைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, அந்த வேகத்தில் இதைத் தண்ணீரில் இறக்க வேண்டும். இதை வைத்துக் கொடுவா பிடிக்கத்தான் சுற்றுலாக்காரர்களை இத்தனை வருடம் படகில் கூட்டிப்போனேன். கொடுவா என்றால் வேறொன்றும் இல்லை. தேக்கா மார்க்கெட்டில் சியாகாப் என்று வாங்குவாயே, அதே மீன்தான்.

ஆனால் தண்ணீருக்கு அடியில் அது இந்த இறகை என்ன செய்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இங்கே ஆற்றில் இறங்கினால் முதலை. நீ ஸ்கூபா கற்றுக்கொண்டு கடலுக்குள் போய்வருகிறாய் என்று ஆஸ்மா சொன்னாள். எனக்காக ஒரு முறை கொடுவா இருக்கும் இடத்தில் இறங்கிப் பார்ப்பாயா? முள்ளின் முனையை வெட்டிவிட்டேன், யாரையும் குத்தாது. நான் விட்டுப்போன தூண்டில் கழி உன் ஸ்டோர் ரூமில் இருக்கும்.

எல்லோருக்கும் என் ஸலாம்.

உன் நானா,
ஸைஃப்

*

ஆங் மோ கியோ
சிங்கப்பூர்
31 ஜனவரி 2024

அன்புள்ள நானாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம். உங்கள் மச்சானின் முதுகு உங்கள் கடிதத்தால்தான் மறுபடி பிடித்துக்கொண்டது. உறை டன்லப் ஸ்திரீட்டில் இருக்கும் அவருடைய பயணப்பெட்டிக் கடைக்குப் போயிருக்கிறது. பெட்டிகளுக்கு நடுவில் நின்று பிரித்தவர் அலறிக்கொண்டு எனக்குப் போன் போட்டார். "இறகு, செகப்பு நூலு, முள்ளு! யாரோ செய்வினை வச்சிருக்காங்க நூரு!" கடிதமும் உள்ளே இருக்கிறது, படியுங்கள் என்றேன். படித்த பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்கு வரும் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள், சாங்கி பக்கம் கடலில் கேலோங் வைத்திருக்கிறார். டிரம்களின்மேல் பலகை போட்டு, வலைக்கூண்டில் மீன் வளர்க்கும் மிதக்கும் பண்ணை அது. கூண்டிலிருந்து தப்பிய சியாகாப்கள் டிரம்களுக்கு அடியிலேயே குடியிருக்கின்றன என்றார். என் டைவிங் தோழி மோகனப்பிரியாவும் நானும் கீழே இறங்கினோம். உங்கள் மச்சான் மேலே பலகையில் கழியோடு நின்றார். முதல் வீச்சில் நூல் அவர் கழுத்தையே சுற்றிக்கொண்டது.

நான் என்ன பார்த்தேன் என்று கேட்டால், ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. நம் கடல் கிரீன் டீ மாதிரி கலங்கலாக இருந்தது. ஒரு வால் தெரிந்தது. அது மீனா, பிளாஸ்டிக் பையா என்று நானும் மோகனப்பிரியாவும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

அதென்ன நானா, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இவ்வளவு பெரிய எழுத்து? ஒரு பக்கத்தில் பத்து வரிகூட இல்லை. வீடியோ காலில் வாருங்களேன், உங்கள் முகத்தைப் பார்த்து வெகுநாளாகிறது.

துஆவுடன்,
நூரு

*

டார்வின்
19 பிப்ரவரி 2024

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சானின் கழுத்தும் முதுகும் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகமே. மழையில் இங்கே சிக்னல் சரியில்லை, வீடியோ எடுக்காது. எழுத்தைக் கேட்டாயே, பேனாவை மாற்றினேன், அவ்வளவுதான்.

முதல் முறையில் ஒன்றும் தெரியாததில் வியப்பில்லை. இன்னொரு முறை இறங்கு. இந்தத் தடவை நிறத்தையெல்லாம் விட்டுவிடு. அது வாயைத் திறக்கும்போது சத்தம் வருகிறதா? எப்படிப்பட்ட சத்தம்? அப்போது மச்சானின் விரலுக்கு நூலில் என்ன தெரிகிறது? இழுப்பா, தட்டா, ஒன்றுமே இல்லையா? இதை மட்டும் கவனித்து எழுது.

ஆஸ்மாவுக்கு என் அன்பு.

ஸைஃப்

*

ஆங் மோ கியோ
8 மார்ச் 2024

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பு எப்படி? இங்கே எல்லோரும் நலம். நோன்பு நெருங்கிவிட்டதால் அதற்கு முன்பே கேலோங்குக்குப் போய்வந்துவிட்டேன். நோன்பு மாதத்தில் இறங்க மாட்டேன். தெரியாமல் ஒரு வாய்த் தண்ணீர் உள்ளே போனால்கூட மனம் ஒப்பாது.

இந்தத் தடவை தண்ணீர் கொஞ்சம் தெளிந்திருந்தது. பார்த்தேன் நானா! டிரம்மின் நிழலில், நீரோட்டத்துக்கு முகம் கொடுத்து, நட்டு வைத்ததுபோல ஒரு கொடுவா நின்றது. மச்சான் இழுக்க இழுக்க உங்கள் இறகு அதன் மூக்குக்கு முன்னால் போய்வந்தது. அது பார்த்ததே தவிர அசையவில்லை. பிறகு திடீரென்று இறகு நின்று, மெல்லத் தாழ்ந்தது. மீன் முன்னால் பாயவே இல்லை. நின்ற இடத்தில் வாயைத் திறந்தது, இறகைக் காணோம். தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிட்டது. நான் மூச்சு விடுவதற்குள் அதைத் துப்பியும்விட்டது.

மேலே வந்து மச்சானிடம், "மீன் எடுத்துச்சே, தெரியலயா?" என்று கேட்டேன். "எப்போ?" என்றார். சக்கரம் உடைந்த பெட்டியைப் பற்றி ஒரு வாடிக்கையாளர் போன் பண்ணியிருக்கிறார். இவர் இழுப்பதை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் மீன் எடுத்திருக்கிறது.

இழுக்கும்போது வராத மீன், விட்டுவிட்டால் ஏன் வருகிறது? பிடிக்காவிட்டால் ஏன் வாயில் வைக்கிறது? தவுக்கே வேறு என்னைக் குழப்பிவிட்டார். கொடுவா பிறக்கும்போது ஆணாம், வளர்ந்து பெரிதானதும் பெண்ணாகிவிடுமாம். நான் பார்த்தது அவனா அவளா?

சத்தம் எனக்குக் கேட்கவில்லை. என் மூச்சுக் குமிழிகளின் சத்தம்தான் கேட்டது. ஆமாம், மீனைப் பற்றிக் கேட்கிறவர் சத்தத்தை ஏன் கேட்கிறீர்கள்? எனக்குப் புரியவில்லை.

நோன்பில் உங்களுக்காக துஆ கேட்பேன். விடியுமுன் ஸஹருக்கு வெறும் பிஸ்கட்டோடு நிறுத்திவிடாதீர்கள்.

நூரு

*

டார்வின்
12 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஈத் முபாரக். பெருநாளுக்கு நீ ஆக்கிய பிரியாணி இங்கே வரை மணந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. கை சுளுக்கிக்கொண்டது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு இளமதி எழுதுகிறார்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இத்தனை வருடம் எனக்குத் தெரியாததை மச்சானின் போன் சொல்லிக்கொடுத்துவிட்டது. இறகு தாழும்போதுதான் நூல் தொய்ந்திருக்கும். தொய்ந்த நூலில் எதுவும் கைக்கு வராது. அப்படியானால் எத்தனை மீன் எடுத்துத் துப்பியிருக்கும், நான் வெறும் தண்ணீர் என்று நினைத்திருப்பேன்!

இனிமேல் மச்சான் கழியின் நுனியைத் தண்ணீரைத் தொடும்படி தாழ்த்திப் பிடிக்கட்டும். நூலைத் தொய்ய விடாமல் ஒரு விரலின்மேல் ஓட விடட்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல். விரலுக்கு மட்டும் என்ன தெரிகிறது என்று கேட்டு எழுது.

ஸைஃப்

அக்கா, இதை நானாகச் சேர்த்து எழுதுகிறேன். தயவுசெய்து உங்கள் கண்களைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போட வேண்டாம். இளமதி.

*

ஆங் மோ கியோ
2 மே 2024

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுளுக்கு இறங்கிவிட்டதா? எண்ணெய் ஏதாவது தடவுகிறீர்களா, அல்லது அதையும் பக்கத்து வீட்டில்தான் செய்கிறார்களா?

நேராகவே கேட்கிறேன். இளமதி யார்? உங்கள் கடிதத்தை டைனிங் டேபிளில் வைத்து நாங்கள் மூவரும் ஆராய்ந்தோம். ஆஸ்மா படித்துவிட்டு, "கன்ஃபர்ம் மாமாவுக்கு கேர்ள் ஃப்ரெண்ட் லா" என்றாள். "இந்த வயசுல ஒரு துணை கெடைச்சா நல்லதுதானே," என்று உங்கள் மச்சான் உங்களுக்காகப் பரிந்து பேசினார். வீடியோவில் வராதது, கடிதத்துக்குக் கடிதம் இவ்வளவு நாள் இடைவெளி விடுவது, எல்லாம் அதற்குத்தான் பொருந்துகிறது. என் கடிதத்தைப் 'படித்தேன்' என்று எழுதாமல் 'கேட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நான் உங்களுக்கு எழுதுவதை அவர்தான் படிக்கிறாரா?

அதுகூடப் பரவாயில்லை. முன்பின் தெரியாதவர் என் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்கிறார். என் கண்ணுக்கு என்ன? என் எழுத்து கோணலாக இருக்கிறதென்று குத்திக் காட்டுகிறாரா? எனக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

நிக்காஹ் என்றால் சொல்லிவிடுங்கள். எனக்குச் சந்தோஷம்தான். சொல்லாமல் இருப்பதுதான் வலிக்கிறது.

நூரு

*

டார்வின்
24 மே 2024

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைக் கேட்டு நானும் சிரித்தேன், படித்த இளமதியும் சிரித்தார், அவர் கணவர் சின்னத்தம்பி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். இளமதி உங்கள் ஆங் மோ கியோவில் பிறந்து வளர்ந்தவர்தான். இங்கே மருத்துவமனையில் நர்ஸ். எல்லோரையும் எல்லாப் பரிசோதனைக்கும் போகச் சொல்வது அவர் பழக்கம். நாற்பதைத் தாண்டியவர்கள் ஒரு முறை கண்ணைக் காட்டிக்கொள்வது நல்லதுதானே. போய்வா.

கை இன்னும் சரியாகவில்லை. கேலோங்குக்குப் போனாயா? விரலைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை.

மச்சானுக்கு ஸலாம்.

ஸைஃப்

*

ஆங் மோ கியோ
15 ஜூன் 2024

நானா,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்று கேலோங்குக்குப் போய்வந்தோம். ஈர முடியோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பெரிய மழை. திரும்பிவிடலாம் என்று மோகனப்பிரியா சொன்னாள். நான்தான் பிடிவாதமாக இறங்கினேன். தலை உள்ளே போனதும் ஒன்றுமே தெரியவில்லை. என் கையை என் முகமூடிக்கு முன்னால் நீட்டினேன், கை தெரியவில்லை. மோகனப்பிரியா என் தோள்பட்டையைப் பிடித்திருந்தது மட்டும்தான் எனக்குத் துணை. எது மேல், எது கீழ் என்றே குழம்பிவிட்டது. டிரம்மைக் கட்டியிருந்த கயிறு கைக்குத் தட்டுப்பட்டதும் அதைப் பிடித்துக்கொண்டு, மூச்சை நிதானப்படுத்தினேன்.

அப்போது கேட்டது. 'டொப்' என்று ஒரு சத்தம். நிறைந்த குடத்தின் வாயை உள்ளங்கையால் அடித்தது போல. காதில் கேட்டதா, நெஞ்சில் கேட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றும் தெரியவில்லை. தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசையே இல்லை நானா. அது எல்லாப் பக்கமும் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி 'டொப்'. நாங்கள் மேலே ஏறும்போதே உங்கள் மச்சானின் கத்தல் கேட்டது. "வந்துச்சு! வெரல்ல வந்துச்சு! ரெண்டு தடவ!"

எனக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பலகையில் ஏறிய பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டே, பக்கத்தில் வைத்த தண்ணீர் பாட்டிலுக்காகப் பலகையைத் தடவினார். பாட்டில் ஒரு சாண் தள்ளி இருந்தது. அவர் கை அதைத் தாண்டித் தாண்டிப் போனது.

அந்தக் கையைப் பார்த்தபோது உங்கள் கடிதங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பெரிய எழுத்து. பிறகு யாரோ எழுதும் எழுத்து. கேட்டேன் என்கிறீர்கள். நிறத்தை விட்டுவிடு, சத்தத்தைச் சொல், விரலைச் சொல் என்கிறீர்கள்.

நானா, உங்களுக்குக் கண் தெரியவில்லையா?

*

டார்வின்
9 ஜூலை 2024

என் தங்கை நூருவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை நானே எழுதுகிறேன். வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்.

ஆமாம். தெரியவில்லை. இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் இருக்கிறது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு காய்ந்துவிட்டது என்றார்கள். வலி இல்லை, ஒன்றும் இல்லை, அதனால் எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. போன வருடம் நல்ல வெளிச்சத்தில் படகைக் கரையோரக் கம்பத்தில் கொண்டுபோய் மோதினேன். படகில் இருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள், எனக்குக் கம்பமே தெரியவில்லை. அன்றோடு படகை விட்டுவிட்டேன்.

வீசுவதற்குக் கண் வேண்டியதில்லை, தோளுக்குத் தெரியும். ஆனால் இறகு தண்ணீரில் விழுந்த பிறகு எல்லாவற்றையும் கண்ணால்தான் செய்துவந்திருக்கிறேன். நூல் நெளிவதை, தண்ணீர் சுழிவதைப் பார்த்துத்தான் இழுப்பேன். அது போனதும் ஆற்றோரம் நின்று வெறும் காற்றை வீசிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உன்னைக் கேட்டேன்.

உன்னிடம் சொன்னால் அழுவாய். அன்றைக்கே டிக்கெட் போடுவாய். உன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவி கேட்டுக்கொண்டே காலம் போய்விடும் என்று பயந்தேன்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. இது குடும்பத்தில் வரும், உடன்பிறந்தவர்கள் உடனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். அதை எழுதத்தான் பேனாவை எடுப்பேன். எடுத்தால் கொடுவாவைப் பற்றி எழுதிவிடுவேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே விளங்கவில்லை நூரு. இளமதி பொறுக்க முடியாமல் எனக்குத் தெரியாமல் அந்த ஒரு வரியை எழுதினார். நான் அதையும் மழுப்பிவிட்டேன்.

இன்றைக்கே போ.

ஸைஃப்

*

ஆங் மோ கியோ
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் வந்த அன்று நான் அழவில்லை. கிளினிக்கிலிருந்து வந்த களைப்போடு நின்றபடியே படித்தேன். பிறகு சோற்றுப் பானையைக் கழுவினேன், கழுவிய பானையையே மறுபடி கழுவினேன். உங்கள்மேல் இருப்பது கோபமா, பாவமா என்று பிரிக்க முடியவில்லை. கண்ணைப் பற்றிச் சொல்லாததை மன்னித்துவிட்டேன். என் முகம் உங்களுக்கு எப்போது கடைசியாகத் தெரிந்தது என்று யோசிக்கும்போது அந்த மன்னிப்பு போய்விடுகிறது.

உங்கள் மச்சான் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை துவாஸிலிருந்து பெட்டி வாங்க வந்த தொழிலாளர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். "மச்சான் நம்மகிட்ட சொல்லல பாத்தியா?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணைக் காட்டிவிட்டேன். கவலைப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுங்கள்.

இளமதி, இந்தப் பத்தியை நானாவுக்குப் படிக்க வேண்டாம். இது உங்களுக்கு மட்டும். என் வலது கண்ணிலும் அழுத்தம் இருக்கிறது. நரம்பு கொஞ்சம் கெட்டிருக்கிறது. ஆரம்பத்திலேயே வந்துவிட்டேன், சொட்டு மருந்தில் நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொன்னார். கடலில் இறங்கலாமா என்பதை அடுத்த முறை சொல்வாராம். நீங்கள் எழுதிய ஒரு வரியை நான் வம்பாக எடுத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது. நானாவுக்குத் தெரிந்தால், தான் முன்பே சொல்லாததால்தான் என்று உள்ளுக்குள்ளேயே நொந்துபோவார். அவருக்கு இது வேண்டாம்.

நானா, ஆஸ்மா தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். கேளுங்கள்.

துஆவுடன்,
நூரு

*

டார்வின்
1 செப்டம்பர் 2024

என் அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சொல்ல, இளமதி எழுதுகிறார். எல்லோரும் சுகம்தானே என்று வழக்கமாகக் கேட்பேன். இப்போது கேட்க வாய் வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அண்ணே, ஒரு பத்தி எனக்கு மட்டும்னு எழுதியிருக்காங்க."

"படிங்க."

"படிக்க வேணாம்னு எழுதியிருக்காங்க."

"நானும் இப்படித்தான் வேணாம் வேணாம்னே இருந்தேன். படிங்க."

படித்தார். முடித்ததும், "இனிமே யாருக்காகவும் எதையும் நான் மறைக்க மாட்டேன், ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன்," என்று கோபமாகச் சொல்லிவிட்டு எழுந்துபோனார். அவர் கோபப்பட்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அன்று முழுக்க வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். நான் ஜனவரியிலேயே எழுதியிருந்தால் என்று நினைப்பேன். ஆரம்பத்திலேயே வந்துவிட்டாய் என்று டாக்டர் சொன்னதை நினைப்பேன். இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. மன்னித்துக்கொள் என்பதைத் தவிர எனக்குச் சொல் இல்லை.

மறுவாரம் சின்னத்தம்பி என்னை வற்புறுத்தி ஆற்றுக்குக் கூட்டிப்போனார். முதலை ஏற முடியாத உயரத்தில் ஒரு பலகைத்துறை இருக்கிறது. வீசினேன். கழி நுனியைத் தாழ்த்தி, நூலை விரலில் ஓட விட்டேன். இழுத்து நிறுத்தினேன். இறகு தாழும்போது அதன் சிறு பாரம் விரலுக்குத் தெரிந்தது. பிறகு அந்தப் பாரம் இல்லை. யாரும் இழுக்கவில்லை, தட்டவில்லை. இருந்தது போய்விட்டது, அவ்வளவுதான். இழுத்துவிட்டேன். ஆறே அதிர்ந்தது போல ஒரு துள்ளல்!

"பெருசுண்ணே! ரொம்பப் பெருசு!" என்று சின்னத்தம்பி குதித்தார். வலையில் ஏந்தி என் மடியில் வைத்தார். தலையிலிருந்து வால் வரை தடவிப் பார்த்தேன். இவ்வளவு பெரிதென்றால் உன் தவுக்கே கணக்குப்படி பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். வாய் திறந்து மூடுவது உள்ளங்கையில் தெரிந்தது. சிரித்தேனா அழுதேனா என்று சின்னத்தம்பியிடம்தான் கேட்க வேண்டும். பிறகு தண்ணீரில் விட்டுவிட்டோம்.

நான் சிங்கப்பூருக்கு வருகிறேன். தங்கிவிட அல்ல, அந்தப் பேச்சை எடுக்காதே. நீ அடுத்த முறை கண்ணைக் காட்டப் போகும் நாளில் உன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். நவம்பரில் டிக்கெட் போட்டாகிவிட்டது. விமானத்திலிருந்து ஒருவர் கைப்பிடித்து வெளியே கொண்டுவந்து விடுவாராம். அங்கே பெரிய கூட்டமாக இருக்கும். கையைக் காட்டிக்கொண்டு நிற்காதே நூரு. வெட்கப்படாமல் சத்தமாகக் கூப்பிடு. நான் வந்துவிடுவேன்.

உன் நானா,
ஸைஃப்